சித்திரச் சந்தைக்கு ஒரு வார இறுதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரி பிறந்தால் எங்கள் வீட்டில் பொங்கலுக்கு முன்பே ஒரு பயணம் உண்டு. பெங்களூரு குமாரகிருபா சாலையில் நடக்கும் சித்திரச் சந்தைக்குக் காட்பாடியிலிருந்து ரயில் ஏறுவோம். திரும்பி வந்து படத்தைச் சுவரில் மாட்டியதும் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். எங்கே வாங்கியது, என்ன விலை, நாங்களும் போகலாமா, எங்களுக்கு ஓவியமெல்லாம் புரியுமா? இத்தனை ஆண்டுகளில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

சித்திரச் சந்தை என்றால் என்ன?

பெங்களூரின் கலை நிறுவனமான கர்நாடக சித்ரகலா பரிஷத் 2003 முதல் நடத்திவரும் ஒருநாள் ஓவியச் சந்தை. கன்னடத்தில் 'சித்ர சந்தே' என்கிறார்கள். நம் ஊர் வாரச்சந்தையைப் போலவே தெருவில் கடை விரிப்பதுதான். கத்தரிக்காயும் கயிறும் விற்கும் இடத்தில் இங்கே ஓவியங்கள் இருக்கும். அன்று குமாரகிருபா சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். நடைபாதையின் இரு பக்கமும், பரிஷத் வளாகத்துக்கு உள்ளேயும் ஓவியர்கள் தங்கள் படங்களைக் கம்பிவேலியில் மாட்டியும், கயிற்றில் தொங்கவிட்டும், தரையில் சாய்த்து வைத்தும் உட்கார்ந்திருப்பார்கள். அண்மை ஆண்டுகளில் சுமார் 1500 ஓவியர்கள் வருகிறார்கள். கர்நாடகத்துக்காரர்களோடு தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், மகாராஷ்டிரம், வங்கம், ஒடிசா என்று பல மாநிலத்தவரும் அவர்களில் உண்டு. நுழைவுக் கட்டணம் கிடையாது.

வீட்டுக்கொரு ஓவியம் என்பதுதான் இந்தச் சந்தையின் நோக்கம். பரிஷத்தை 1960-இல் தொடங்கியவர்களில் முதன்மையானவர் எம்.எஸ். நஞ்சுண்ட ராவ். ஆண்டுதோறும் சந்தையை ஏதாவது ஒன்றுக்குக் காணிக்கையாக்குகிறார்கள். 2020-இல் விவசாயிகளுக்கு, 2024-இல் விண்வெளி விஞ்ஞானிகளுக்கு, 2025-இல் பெண் குழந்தைகளுக்கு.

அந்தச் சாலைக்கும் ஒரு கதை உண்டு. மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்த கே. சேஷாத்ரி ஐயரின் மாளிகைதான் குமாரகிருபா. 1927-இல் உடல்நலம் குன்றிய காந்தி, நந்தி மலையில் ஓய்வெடுத்துவிட்டு இறங்கியதும் இந்த மாளிகையில்தான் தங்கியிருந்தார்.

எந்தத் தேதியில் நடக்கும்?

பெரும்பாலும் ஜனவரியின் முதல் ஞாயிறு. 2024-இல் ஜனவரி 7, 2025-இல் ஜனவரி 5. கொரோனா காலத்தில் இந்த வழக்கம் மாறியது. 2021-இல் இணையவழியில் நடத்தினார்கள், 2022-இல் மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அதனால் டிசம்பர் தொடக்கத்தில் பரிஷத்தின் அறிவிப்பைப் பார்த்துத் தேதியை உறுதி செய்துகொண்டு டிக்கெட் எடுங்கள். மார்கழிக் கச்சேரிகள் ஏறக்குறைய முடிந்து, பொங்கல் கூட்டம் இன்னும் தொடங்காத வாரம் அது. சென்னைக்காரர்களுக்கு வசதியான இடைவெளி.

ஒருநாள் சந்தைதானே, எதற்கு முழு வார இறுதி?

ஞாயிறு காலை போய் இரவு திரும்பிவிடலாம்தான். நானும் முதல் இரண்டு முறை அப்படித்தான் செய்தேன். ஆனால் சனிக்கிழமையே போய்ச் சேர்ந்து சில நல்ல படங்களை நிதானமாகப் பார்த்துவிட்டால், மறுநாள் தெருவில் கண் நன்றாக வேலை செய்கிறது. இது என் சொந்த அனுபவம்.

சனிக்கிழமை பிற்பகலுக்கு என் தேர்வு, அரண்மனைச் சாலையில் இருக்கும் தேசிய நவீன கலைக்கூடம். 2009-இல் திறந்தார்கள். மாணிக்கவேலு மாளிகை என்ற பழைய பங்களாவில் இருக்கிறது. ராஜா மாணிக்கவேலு முதலியார் வாழ்ந்த வீடு. பெரிய மரங்களுக்கு நடுவே வெள்ளைக் கட்டடம். உள்ளே கூட்டமே இருக்காது. ஒரு படத்தின் முன் பத்து நிமிடம் நின்றாலும் யாரும் நகரச் சொல்ல மாட்டார்கள். பரிஷத்திலிருந்து அதிகத் தொலைவில்லை. திங்கட்கிழமை விடுமுறை என்பதால் திங்களன்று பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

பரிஷத்தின் சொந்தக் காட்சிக்கூடங்களையும் தவற விடக்கூடாது. ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக், அவர் மகன் ஸ்வெத்தஸ்லாவ் ரோரிக் இருவரின் படங்கள், மைசூர் மரபு ஓவியங்கள், கர்நாடகத் தோற்பாவைகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. நம் தோல்பாவைக் கூத்தைப் பார்த்தவர்கள் அந்தப் பாவைகளின் முன் நிச்சயம் நின்றுவிடுவார்கள். ஆட்டுத்தோலில் துளையிட்டுத் துளையிட்டே நகையும் ஆடையும் செய்திருக்கிறார்கள். பின்னாலிருந்து விளக்கு எரிந்தால் அந்தத் துளைகள்தான் மின்னும்.

எப்படிப் போவது?

சென்னை, அரக்கோணம், காட்பாடி பக்கமிருந்து பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் காலையில் ஏறினால் பிற்பகலில் பெங்களூரு. மாலையில் லால்பாக் எக்ஸ்பிரஸ், இரவில் மெயில். கோயம்புத்தூர், சேலத்திலிருந்தும் நேரடி ரயில்கள் உண்டு. ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு பஸ்ஸே போதும்.

நகருக்குள் சொந்தக் கார் வேண்டவே வேண்டாம். சுற்றியுள்ள சாலைகளிலும் அன்று போக்குவரத்தைத் திருப்பிவிடுவதால் வண்டி நிறுத்த இடம் தேடியே ஒரு மணி நேரம் போய்விடும். மெஜஸ்டிக்கில் இறங்கிப் பச்சைத் தட மெட்ரோவில் சம்பிகே சாலை நிலையம் வரை வந்து, அங்கிருந்து ஆட்டோவில் சிவானந்தா சர்க்கிள் என்று சொல்லுங்கள். காலாற நடக்கப் பிடித்தவர்கள் நடந்தே போய்விடலாம்.

எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்?

எட்டரைக்குள். நான் இதில் பிடிவாதக்காரி. அந்த நேரத்தில் ஓவியர்கள் இன்னும் படங்களை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். குளிர் விட்டிருக்காது, காபி டம்ளரைக் கையில் பிடித்தபடி பேசுவதற்கு அவர்களுக்கும் நேரம் இருக்கும். பதினோரு மணிக்கு மேல் வருகிறவர்களின் எண்ணிக்கை ஆயிரங்களைத் தாண்டிவிடும். நாள் முழுவதுக்குமாகச் சேர்த்து லட்சக்கணக்கில் மக்கள் வந்ததாக மறுநாள் நாளிதழ்கள் எழுதும். பகல் பன்னிரண்டுக்குப் பிறகு நாம் நடப்பதில்லை, கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டு போகிறது. நின்று பார்க்க ஆசைப்பட்டால் காலை நேரம்தான்.

ஒரு மெல்லிய ஸ்வெட்டர் காலைக்கு, ஒரு தொப்பி பகலுக்கு. ஜனவரியிலும் பெங்களூரு வெயில் உச்சியில் சுடும்.

எனக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது. நான் போய் என்ன செய்வது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்கிறவர்கள் எல்லாரும் புடவைக் கடையில் நூறு புடவைக்கு நடுவே தனக்கு எது பொருந்தும் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறவர்கள். அந்தக் கண் போதும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். முதல் சுற்றில் எதையும் வாங்குவதில்லை. சாலையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரு பக்கமாகவே நடப்பேன். எங்கே கால் தானாக நிற்கிறதோ அந்த இடத்தை நோட்டில் குறித்துக்கொள்வேன்: 'பெரிய மரம், நீலச் சட்டைக்காரர், மாட்டு வண்டி' என்பது போல. இரண்டாம் சுற்றில் குறித்த இடங்களுக்கு மட்டும் போவேன். முதலில் பிடித்திருந்த பாதி படங்கள் இரண்டாம் பார்வையில் மங்கிவிடும். மீதி ஐந்தாறு படங்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்திருக்கும்.

பிறகு வரைந்தவரிடம் பேசுங்கள். இந்தச் சந்தையில் கிடைத்து வேறெங்கும் எளிதில் கிடைக்காதது இதுதான். கலைக்கூடத்தில் படம் இருக்கும், வரைந்த கை இருக்காது. கடையில் விற்பவர் இருப்பார், அவருக்கு வரையத் தெரிந்திருக்காது. இங்கே கையில் வண்ணக் கறையோடு அவரே உட்கார்ந்திருக்கிறார். எந்த ஊர், எதில் வரைந்தீர்கள், இந்த இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் போதும், அதற்கு மேல் அவர்களே சொல்வார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவரின் நீர்வண்ண ஓவியத்தின் முன் நின்றேன். கோயில் குளம், படிக்கட்டு, மூன்றாம் படியில் வெயில். அந்த வெயில் அப்படிச் சுடர்ந்தது. "ஐயா, இந்த வெள்ளைக்கு என்ன நிறம் போட்டீர்கள்?" என்று கேட்டேன். அவர் படத்தைக் கையில் எடுத்துச் சற்றுச் சாய்த்துக் காட்டினார். "அங்கே நான் எதுவுமே போடவில்லை அம்மா. தாளை அப்படியே விட்டுவைத்தேன். சுற்றிலும் நிழலை மட்டும்தான் போட்டேன்" என்றார். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது வண்ணம் தொடாத தாள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு எந்த நீர்வண்ணப் படத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் தேடுவது எங்கே விட்டுவைத்திருக்கிறார்கள் என்பதைத்தான்.

கன்னடம் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

முடியும். பெங்களூரில் தமிழுக்குப் பஞ்சமில்லை. ஓவியர்களில் பலருக்கு இந்தியோ ஆங்கிலமோ வரும். ஆனாலும் "எஷ்டு?" (எவ்வளவு), "தும்ப சென்னாகிதே" (மிக நன்றாக இருக்கிறது) என்ற இரண்டையும் கற்றுக்கொண்டு போங்கள். "இது நீவே பரெதித்தா?" என்று கேட்டால் 'இது நீங்களே வரைந்ததா?' என்று பொருள். இதில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. கன்னடத்தில் எழுதுவதற்கும் வரைவதற்கும் 'பரெ' என்ற ஒரே வினைதான். நம் பழந்தமிழிலும் ஓவியத்தை 'எழுதினார்கள்' என்றே சொன்னார்கள்.

விலை எப்படி இருக்கும்? பேரம் பேசலாமா?

நூறு ரூபாய்க்கும் கிடைக்கும், லட்சத்திலும் கிடைக்கும். மாணவர்கள் வரைந்த அஞ்சலட்டை அளவுப் படங்கள் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். வரவேற்பறைச் சுவரை நிறைக்கும் கேன்வாஸ் என்றால் ஆயிரங்களில் தொடங்கும். கிளம்பும் முன்பே ஒரு தொகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை படங்களைப் பார்த்த மயக்கத்தில் தொகை முடிவு செய்தால் வீட்டுக்கு வந்து வருந்த நேரும்.

பேரத்தைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒருமுறை கேட்பதில் தவறில்லை. "என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது, இதற்குள் உங்கள் படம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். பெட்டிக்குள்ளிருந்து சின்னப் படம் ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள், பல நேரம் அதுதான் நல்ல படமாகவும் இருக்கும். இரண்டு மூன்று படங்களைச் சேர்த்து வாங்கினால் அவர்களே குறைத்துச் சொல்வார்கள். ஆனால் காய்கறிக்குப் பேசுவதுபோல் பாதி விலைக்குக் கேட்காதீர்கள். வழக்கமாகக் கலைக்கூடம் வழியே விற்றால் விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கூடத்துக்கே போய்விடும். இங்கே கொடுக்கிற பணம் முழுக்க வரைந்தவர் கைக்குப் போகிறது. அதிலேயே அவர் ரயில் செலவு, தங்கும் செலவு, தாள், வண்ணம், பிரேம் எல்லாம் அடங்க வேண்டும்.

மாலை ஆறு மணிக்கு மேல், தூர ஊர்க்காரர்கள் மூட்டை கட்டும் நேரம் பார்த்து அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். திரும்பச் சுமந்துபோக முடியாத ஒருவரின் நெருக்கடியை வைத்து வாங்கும் படத்தை என்னால் வீட்டுச் சுவரில் மகிழ்ச்சியாகப் பார்க்க முடியாது.

ரொக்கம் கொண்டுபோங்கள். கைபேசியில் பணம் அனுப்பும் வசதி எல்லாரிடமும் இருக்கிறது, ஆனால் அவ்வளவு கூட்டத்தில் சிக்னல் அடிக்கடி நின்றுவிடுகிறது.

கையால் வரைந்ததா, அச்சிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அச்சுப் பிரதி விற்பது குற்றமல்ல. பிரதி என்று சொல்லி, பிரதிக்குரிய விலைக்கு விற்றால் நானே வாங்குவேன். அசல் என்று ஏமாந்துவிடக் கூடாது என்பதுதான் கவலை.

படத்தைக் கையில் வாங்கி வெயில் பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். அக்ரிலிக், எண்ணெய் வண்ணப் படமென்றால் தூரிகை போன தடம் மேடும் பள்ளமுமாகத் தெரியும். அந்த மேடு படத்தில் இருக்கும் பொருளோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியம். கேன்வாஸில் அச்சிட்டு, அதன்மேல் நிறமில்லாத பசையைத் தூரிகையால் இழுத்துவிடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அதில் மேடு ஒரு பக்கம் போகும், இலை வேறு பக்கம் போகும். ஓரத்தையும் பாருங்கள். கையால் வரைந்த கேன்வாஸின் மடிப்பில் வண்ணம் கசிந்து, கோணல்மாணலாக நின்றிருக்கும்.

நீர்வண்ணத்தில், வண்ணம் தேங்கிக் காய்ந்த இடத்தில் ஓரம் சற்று அடர்ந்து ஒரு கோடுபோல் தெரியும். தாளின் பின்புறம் லேசாக அலையோடியிருக்கும். பென்சில் கோடு எங்காவது எட்டிப் பார்க்கும். சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றைப் பையில் வைத்திருக்கிறேன். அச்சென்றால் அதில் நிறம் நுண்புள்ளிகளாகச் சிதறித் தெரியும்.

இவை எல்லாவற்றையும்விட எளிய வழி, "இதை எப்படித் தொடங்கினீர்கள்?" என்று கேட்பது. வரைந்தவரென்றால் உடனே கையை நீட்டிப் படத்தில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டுவார்.

தஞ்சாவூர் ஓவியமும் மைசூர் ஓவியமும் ஒன்றுதானா?

உறவுக்காரர்கள், ஆனால் ஒன்றல்ல. இரண்டிலும் தெய்வ உருவங்கள், இரண்டிலும் தங்க ரேக்கு. வேறுபாடு மேட்டில் இருக்கிறது. தஞ்சாவூர் ஓவியத்தில் மக்கு (சுண்ணப் பொடியும் பசையும் கலந்த குழைவு) வைத்து நகை, தூண், திருவாசி எல்லாவற்றையும் நன்றாக எழுப்பி, கண்ணாடிக் கற்கள் பதித்து, அதன்மேல் தங்கத் தாளை ஒட்டுவார்கள். இருட்டறையில் விளக்கேற்றினால் பளபளக்கும். மைசூர் பாணியில் மக்கு வேலை மிக மெல்லியது. விரலால் தடவினால்தான் மேடு தெரியும், கற்கள் பதிப்பதில்லை. கோடு நுணுக்கமானது, நிறம் அடக்கமானது. இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு.

பலா மரப் பலகையில் செய்ததால் தஞ்சாவூர்ப் படத்துக்குப் 'பலகைப் படம்' என்றே பெயர் இருந்தது. இன்று பிளைவுட்டில் செய்கிறார்கள். வாங்கும்போது கேட்க வேண்டியது தங்கத் தாள் அசலா என்பது. போலித் தாள் சில ஆண்டுகளில் கறுத்துவிடும். அசல் தாள் போட்டவர் அதை எழுதித் தரத் தயங்கமாட்டார்.

துணியில் எழுதும் ஓவியமான கலம்காரி வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை: துணியை மூக்கருகே கொண்டுபோங்கள். கையால் எழுதும் காளஹஸ்தி பாணியில் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். மை பரவாமல் நிற்பதற்காக. கறுப்பு மை, பழைய இரும்பையும் வெல்லத்தையும் ஊறப்போட்டு எடுப்பது. புதிய துணியில் அந்தப் புளித்த பால்வாடை லேசாக வரும். இயந்திர அச்சுத் துணியில் வராது. நம் பக்கத்துக் கருப்பூர் கலம்காரிக்கும் 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கோயிலில் தொங்கும் உருளை வடிவத் துணித் தொம்பைகளிலும் விதானங்களிலும் நாம் அண்ணாந்து பார்த்த அதே வேலை.

அங்கேயே உட்கார்ந்து நம் உருவத்தை வரைந்துகொள்ளலாமா?

வரைந்துகொள்ளலாம். கரிக்கோல் ஓவியர்கள் வரிசையாக இருப்பார்கள். கால் மணி, இருபது நிமிடத்தில் முடித்துக் கொடுப்பார்கள். உட்காரும் முன் விலையையும் தாள் அளவையும் பேசிக்கொள்ளுங்கள். அவர் ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கும் மாதிரிகளைப் பார்ப்பதைவிட, அப்போது யாரை வரைந்துகொண்டிருக்கிறாரோ அவரையும் தாளையும் மாறி மாறிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

என் மாமியாரை ஒருமுறை உட்கார வைத்தோம். "எனக்கெதற்கு, பிள்ளைகளை வரையச் சொல்" என்று மறுத்தவர், உட்கார்ந்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்துவிட்டார். அந்த இளைஞர் முதலில் போட்டது கண்ணையல்ல, மூக்குத்தியை. அதைச் சுற்றி மூக்கு, பிறகு கன்னத்துச் சுருக்கம், கடைசியில்தான் கண். முடிந்ததும் விரல் நுனியால் கன்னத்தில் கரியைத் தேய்த்து நிழலாக்கினார். கரிக்கோல் படம் தொட்டால் அழியும் என்பதால் அதை நிலைப்படுத்தும் தெளிப்பான் அடித்துத் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

புகைப்படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். சாலையின், கூட்டத்தின் படமென்றால் யாருக்கும் மறுப்பில்லை. ஒருவரின் ஓவியத்தை நேருக்கு நேர் வைத்து எடுப்பதுதான் அவர்களை நோகடிக்கிறது. அந்தப் படம் அடுத்த மாதமே எங்கோ தலையணை உறையில் அச்சாகி வரும் காலம் இது. "போட்டோ வேண்டாம்" என்று அட்டை எழுதி வைத்திருப்பவர்களிடம் வாதிடாதீர்கள்.

குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்துப் போகலாமா?

அழைத்துப் போங்கள், காலையில். குழந்தைக்கு ஒரு சின்ன ஸ்கெட்ச் நோட்டும் பென்சிலும் வாங்கிக் கொடுத்து, பிடித்த ஒன்றைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். பக்கத்திலிருக்கும் ஓவியரே எட்டிப் பார்த்துத் திருத்திக் கொடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் எண்ணை எழுதி வையுங்கள். மூட்டு வலிக்காரர்கள் முழுச் சாலையையும் நடக்க வேண்டாம், பரிஷத் வளாகத்துக்குள் மர நிழலும் உட்கார இடமும் உண்டு.

சாப்பாடு?

வளாகத்தில் கடைகள் இருக்கும், வரிசையும் இருக்கும். காலையில் மல்லேஸ்வரத்தில் வெண்ணெய் தோசை சாப்பிட்டுவிட்டு, கையில் இரண்டு ஆரஞ்சும் தண்ணீரும் வைத்துக்கொண்டால் மூன்று மணி வரை தாங்கும்.

வாங்கிய படத்தை ஊருக்குக் கொண்டுவருவது எப்படி?

இதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் பெரிய கேன்வாஸை, வண்ணம் பத்திரமாக இருக்கட்டும் என்று படம் உள்பக்கமாக வரும்படி இறுக்கிச் சுருட்டி ரயில் பரணில் வைத்தேன். மேலே யாரோ பெட்டியை வைத்துவிட்டார்கள். வீட்டில் விரித்தபோது வானத்துக்குக் குறுக்கே நான்கு விரிசல். சுருட்டும்போது வண்ணம் இருக்கும் முகம் வெளிப்பக்கமாகத்தான் இருக்க வேண்டும். அப்போது சுருட்டியிருக்கையில் வண்ணப் படலம் நெருக்கப்படாது. அதன்மேல் பட்டர் பேப்பர், பிறகு தடிமனான குழாய்க்குள். குழாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது. செய்தித்தாளைச் சுற்றவே கூடாது, மை ஒட்டிக்கொள்ளும்.

தாளில் வரைந்தவற்றைச் சுருட்டாமல் இரண்டு அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைத்துக் கட்டுங்கள். வீட்டிலிருந்தே இரண்டு அட்டையும் ஒரு நூல் உருண்டையும் எடுத்துப் போகிறேன். எண்ணெய் வண்ணப் படமென்றால் எப்போது வரைந்தது என்று கேளுங்கள். மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே காய மாதக்கணக்கில் ஆகும். புதிதென்றால் சுருட்ட வேண்டாம். கண்ணாடி பிரேம் போட்டதை வாங்கினால் பிரேமைக் கழற்றி அங்கேயே விட்டுவிடலாம், ஊரில் போட்டுக்கொள்ளலாம்.

எங்கே மாட்டுவது, எப்படிப் பாதுகாப்பது?

நேர் வெயில் படாத சுவர், மழையில் ஓதம் ஏறாத சுவர். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் வெளிச்சுவரைவிட வீட்டின் உட்சுவர் நல்லது. தாள் ஓவியம் கண்ணாடியைத் தொடவே கூடாது. நடுவே மவுண்ட் போர்டு வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் ஒட்டிக்கொண்டு பூஞ்சை பிடிக்கும். அமிலமற்ற போர்டு என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணப் போர்டில் தாளின் ஓரம் சில ஆண்டுகளில் பழுப்பேறிவிடும். பிரேமின் பின்பக்கத்தை நாடா ஒட்டி அடைத்தால் பூச்சி நுழையாது. ஆண்டுக்கொருமுறை, பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது, கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள்.

வாங்கிய படத்தைக் கல்யாணப் பத்திரிகையில் அச்சிடலாமா?

ஓவியரிடம் கேட்காமல் முடியாது. படம்தான் உங்களுடையது, பதிப்புரிமை அவருடையது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுத்தில் மாற்றித் தந்தாலொழிய அது வரைந்தவரிடமே இருக்கும். கேட்டால் பெரும்பாலானோர் மகிழ்ச்சியாகச் சம்மதிப்பார்கள். பத்திரிகையில் அவர் பெயரையும் போடுங்கள். இதற்காகவே வாங்கும்போது ஓவியரின் பெயர், ஊர், எண், படத்தின் தலைப்பு, ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் அவர் கையாலேயே எழுதி வாங்கிப் படத்தின் பின்னால் உறையில் வைத்துவிடுங்கள்.

நான் வரைகிறவன். அங்கே கடை போட முடியுமா?

முன்கூட்டி விண்ணப்பித்துத் தேர்வானவர்களுக்குத்தான் இடம். சில மாதங்களுக்கு முன்பே அழைப்பு வரும் என்பதால் தீபாவளிக்கு முன்பிருந்தே பரிஷத்தின் அறிவிப்புகளைக் கவனியுங்கள். உங்கள் படைப்புகளின் மாதிரிகள் தேவைப்படும். இடம் கிடைத்தால் சின்னப் படங்களை நிறையக் கொண்டுபோங்கள். பெரியதைப் பார்க்க நிற்பவர்கள் கையில் எடுத்துப்போவது சின்னதைத்தான். விலையை எழுதி ஒட்டுங்கள், கேட்கக் கூச்சப்பட்டே நகர்ந்துபோகிறவர்கள் ஏராளம். சகோதரரோ நண்பரோ ஒருவர் உடன் இருக்கட்டும். நாள் முழுக்கத் தனி ஆளாக உட்கார்ந்தால் சாப்பிடக்கூட எழ முடியாது.

பெங்களூரு போக முடியாதவர்கள்?

இத்தனை பெரிய தெருச்சந்தை நம் பக்கம் இல்லை என்பது என் மனக்குறை. ஆனால் வரைந்தவரிடமே பேசி வாங்கும் இடம் சென்னையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. 1966-இல், அப்போது சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், மாணவர்களையும் சக ஓவியர்களையும் சேர்த்துக்கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம். படம் விற்று வாழ முடியாத அந்த நாட்களில் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்றுத்தான் நிலத்துக்குப் பணம் சேர்த்தார்கள். அங்கே காட்சிக்கூடமும், மரங்களுக்கு நடுவே கல், உலோகச் சிற்பங்களும் இருக்கின்றன. அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் தெற்கே முட்டுக்காட்டில், 1996-இல் திறந்த தட்சிணசித்ரா. அங்கே கைவினைஞர்கள் உட்கார்ந்து வேலை செய்வதைப் பார்க்கலாம், அவர்களிடமே வாங்கலாம். சனிக்கிழமை ஒன்று, ஞாயிறு மற்றொன்று. திருவான்மியூரிலிருந்து பஸ் இருக்கிறது. இரண்டு அட்டையும் நூல் உருண்டையும் இங்கேயும் தேவைப்படும்.